ஸ்கேன் அறையில் கேட்ட சொல்

பன்னிரண்டு வயதில் எங்கள் தேயிலைத் தோட்டத்துத் திருவிழாக் கூத்தில் எனக்கு வாமனன் வேஷம் கட்டினார்கள். பெரிய ஆட்கள்கூடக் குனிந்து என் காலைத் தொட்டுக் கும்பிட்டார்கள். மறுநாள் தண்ணீர் பிடிக்கும் பைப்படியில், கும்பிட்டவர்களில் ஒருத்தரே, "ஏய் கட்டை, தள்ளு" என்றார். இப்போதும் என் உயரம் நாலடிக்குச் சற்றுக் குறைவுதான். கட்டை, குள்ளச்சி என்று எந்தப் பெயரில் கூப்பிட்டாலும் திரும்பிப் பார்த்துப் பழகிவிட்டது.

என்னைச் சுமந்தபோது கிரகணத்தில் வெளியே போனதால்தான் இப்படி ஆயிற்று என்பாள் அம்மா. சாகும்வரை தன்னைத்தான் குறை சொல்லிக்கொண்டாள். நானும் நம்பியிருந்தேன்.

கல்யாணமாகி இரண்டாம் வருஷம் உண்டானேன். என் கணவர் எல்லோரையும் போன்ற உயரம். மஸ்கெலியாவில் ஆட்டோ ஓட்டுகிறார். எட்டாம் மாதம் ஸ்கேன் எடுக்க நுவரெலியாவுக்குப் போனோம். அங்கிருந்த டாக்டரம்மா பிள்ளையின் தொடை எலும்பை இரண்டு தடவை அளந்தார். பிறகு ஆங்கிலத்தில் நீளமாக ஒரு பெயர் சொன்னார்.

"தமிழ்ல சொல்லுங்க டாக்டர்" என்றார் கணவர்.

டாக்டர் என்னைப் பார்த்துத் தயங்கினார். "வந்து... வளர்த்தி கொஞ்சம்..."

"குள்ளம்னே சொல்லுங்க டாக்டர். எனக்குப் பழகுனதுதானே."

அவர் நாற்காலியை இழுத்து என் பக்கத்தில் உட்கார்ந்தார். "ஆமாம்மா, உங்களைப் போலத்தான். எலும்பு வளர்ற விதம் அப்படி. யாரும் செஞ்ச தப்பு இல்ல."

"கிரகணம்?"

"கிரகணத்துக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்ல."

எனக்கு அழுகை வந்தது. பிள்ளைக்காக என்று நினைத்து டாக்டர் தண்ணீர் கொடுத்தார். அம்மா இதைக் கேட்காமலே போய்விட்டாளே என்றுதான் அழுதேன்.

பஸ்ஸில் திரும்பும்போது கணவர் ஸ்கேன் ரிப்போர்ட்டை எடுத்து எடுத்துப் பார்த்தார். ஹட்டன் தாண்டியதும் கேட்டேன்.

"கவலையா இருக்கா?"

"புள்ளைய நெனச்சு இல்ல. ஒனக்கு ஆப்பரேஷன் செஞ்சுதான் பிரசவம்னு டாக்டர் சொன்னாங்களே, அதுதான் பயம்."

ஆப்பரேஷன் நல்லபடியாக முடிந்தது. பெண் பிள்ளை. நெஞ்சில் கிடத்தியதும் கையை விரித்தாள். நடுவிரலுக்கும் மோதிர விரலுக்கும் இடையில், என் கையில் இருப்பது போலவே, ஓர் அகன்ற இடைவெளி. கணவர் எங்கள் இரண்டு கைகளையும் சேர்த்துவைத்து வெகுநேரம் பார்த்தார். அதற்குள் மாமியார் போன் பண்ணி, "யாரு மாதிரிடா இருக்கா?" என்று கேட்டார்.

"அவ அம்மா மாதிரிதாம்மா. அப்படியே இருக்கா" என்றார். குரலில் சிரிப்பு இருந்தது.