உம்மாவின் இரண்டு புள்ளடிகள்

கராம்பின் காரமான மணம் எந்தக் கடை வாசலில் மூக்கில் ஏறினாலும் எனக்கு முதலில் நினைவுக்கு வருவது தேர்தல்தான். ஏனென்றால் அலவத்துகொடைப் பக்கத்து எங்கள் ஊரில், வாக்களிப்பு நாளன்று பெண்களை ஏற்றிப்போகும் காருக்கு, வாப்பாவின் கடையில் கராம்பும் மிளகும் உலர்த்திய துணிகளைத்தான் திரையாகக் கட்டுவார்கள். அந்தக் காரில் ஏறிய பெண்களின் முக்காடுகளில் இரண்டு நாளைக்கு அந்த மணம் போகாது.

அந்நாளில் எங்கள் தொகுதி பாராளுமன்றத்துக்கு ஒருவரையல்ல, இருவரை அனுப்பியது. இதைச் சொன்னால் என் பேரப்பிள்ளைகள் நான் கணக்குத் தவறிவிட்டேன் என்று நினைக்கிறார்கள். ஆயுள் முழுவதும் கணிதம் படிப்பித்தவனுக்கு இதைவிட என்ன அவமானம் வேண்டும்? சிங்களவரும் முஸ்லிம்களும் கலந்து வாழ்ந்த தொகுதி அது. தொகையில் சிறியவர்களுக்கும் ஓர் ஆள் கிடைக்கட்டும் என்று அப்படி வகுத்திருந்தார்கள். ஒவ்வொருவருக்கும் இரண்டு வாக்கு, அதாவது வாக்குச்சீட்டில் இரண்டு புள்ளடி. இருவருக்குப் பிரித்தும் போடலாம், இரண்டையும் ஒருவருக்கே போடலாம். நாம் குறைவு, ஆகவே இரண்டு புள்ளடியும் நம்மவருக்கே என்பதுதான் எங்கள் ஊரின் வழக்கம். இரண்டில் ஒன்று வெளியே போனால் நமக்கு ஆளே இல்லாமற் போகும் என்று பெரியவர்கள் பயந்தார்கள், அந்தப் பயத்தில் நியாயமும் இருந்தது.

நம்மவர் என்றால் ‘ஹாஜியார்’, குடைச் சின்னம். அவருக்காக எங்கள் ஊரைத் திரட்டும் பொறுப்பு என் வாப்பாவுடையது. அக்கரையில் நின்றவர் அங்குள்ள பாடசாலையில் அதிபராக இருந்து ஓய்வுபெற்ற சிங்களப் பெரியவர். இரு கரையிலும் அவரை ‘லொகு மாத்தயா’, பெரிய ஐயா, என்றே சொல்வார்கள். மூன்றாவதாகக் கண்டி நகரத்திலிருந்து ஒரு சட்டத்தரணியும் வந்திருந்தார்.

அக்கரை, இக்கரை என்று சொல்வதற்குக் காரணம் நடுவில் ஓடிய ஓயா என்கிற சிற்றாறு. பிரதான வீதியும் பஸ் தரிப்பிடமும் வாக்களிப்பு நடக்கும் பாடசாலையும் அந்தப் பக்கம். கடப்பதற்கு ஒற்றைப் பாக்குமரம் போட்ட ‘ஏதண்ட’ ஒன்றுதான். கார் போவதென்றால் மூன்று மைல் சுற்ற வேண்டும். எனக்கு மூத்தவளான ராத்தா ஊர்ப் பாடசாலையை முடித்துவிட்டு, மேல்வகுப்புக்கு அந்த மரத்தைக் கடந்து பஸ்ஸில் போய்க்கொண்டிருந்தாள். தேர்தலுக்கு முந்திய மழைக்காலத்தில் ஒருநாள் அவள் வழுக்கி விழுந்தாள். ஆளைப் பிடித்து இழுத்துவிட்டார்கள், புத்தகப் பை போய்விட்டது. “இனிப் பள்ளிக்கூடம் வேணாம்” என்று வாப்பா சொல்லிவிட்டார். நானும் அதே மரத்தில் இரண்டு தடவை விழுந்திருக்கிறேன், என்னை யாரும் நிறுத்தவில்லை. ராத்தா வீட்டில் கராம்புக் காம்பு கிள்ளிக்கொண்டிருந்தாள். வகுப்பில் முதலாவதாக வந்த பிள்ளை.

பாலம் போடுவதாக ஹாஜியார் முந்திய தேர்தலிலேயே சொல்லியிருந்தார். ஆனால் அக்கரையில் பாலத்தின் கால் ஊன்ற வேண்டிய இடம் லொகு மாத்தயாவின் குடும்பத்து வயல். அவர்கள் தரவில்லை, இவர்கள் போய்க் கேட்கவும் இல்லை.

வாக்களிப்பு நாள் காலை, கடை வாசலில் பெண்களை ஏற்றிய கார் புறப்படும் நேரம், வாப்பா திரைக்கு வெளியே நின்று, மறந்துவிட வேண்டாம், இரண்டும் குடைக்கு என்று கடைசித் தடவையாக நினைவூட்டினார். உள்ளேயிருந்து உம்மாவின் குரல் வந்தது.

“ஹாஜியாருக்கு ஒண்டு போடுறன். மத்தது அக்கரைக்கு.”

கடை வாங்கில் உட்கார்ந்திருந்தவர்கள் வாப்பாவைத் திரும்பிப் பார்த்தார்கள். ஊருக்கெல்லாம் தான் சொல் கொடுத்திருப்பதாக வாப்பா பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னார்.

“நீங்க குடுத்த சொல் உங்கட ரெண்டுக்கும். பாலத்துக்கு ரெண்டு கரை ஈக்கி. ஒரு கரைல மட்டும் ஆள வெச்சிக்கொண்டு பாலம் கட்டேலுமா? எனக்கு மகள் படிக்கோணும்.”

திரைக்குள் யாரோ சிரித்தார்கள். அடுத்த வீட்டு மாமி, அப்படியென்றால் தன்னுடையதிலும் ஒன்று அக்கரைக்குத்தான் என்றார். கார் போய்விட்டது. வாங்கிலிருந்த கிழவர் ஒருவர் வெற்றிலையைத் துப்பிவிட்டு, “முதலாளி, ஊர எண்ணினீங்க, ஊட்ட எண்ண மறந்திட்டீங்களே” என்றார். வாப்பா அன்று முழுவதும் தராசைத் தொடவில்லை.

மையிட்ட விரலோடு திரும்பிய உம்மாவுடன் அவர் பேசவுமில்லை. ஹாஜியார் தோற்றால் அந்தத் தோல்வி முழுவதும் உம்மாவின் தலையில்தான் விழும் என்பது எனக்கே விளங்கியது. உம்மாவுக்கும் விளங்கியிருக்க வேண்டும். ஹாஜியார் வென்றால் மூன்று நோன்பு பிடிப்பதாக நேர்ந்துகொண்டார்.

மறுநாள் காலை வானொலியைச் சுற்றி ஊரே கூடியிருந்தது. எங்கள் தொகுதியின் பெயர் வந்ததும் இரைச்சலும் கூடவே வந்தது. முதலாவதாக வந்தவர் லொகு மாத்தயா. கொஞ்ச நேரம் யாரும் வாப்பாவைப் பார்க்கவில்லை. இரண்டாவதாக ஹாஜியாரின் பெயர். சட்டத்தரணி மயிரிழையில் பின்னால். வாப்பா வானொலியை நிறுத்திவிட்டு எழுந்து வீட்டுக்கு வந்தார். குசினி வாசலில் நின்று, உம்மாவின் முகத்தைப் பார்க்காமல், “சஹருக்கு என்னயும் எழுப்புங்க” என்றார். அந்த மூன்று நோன்பையும் அவரும் பிடித்தார்.

பாலம் தானாக வரவில்லை. லொகு மாத்தயாவிடம் வயல் மூலையைக் கேட்கப் போனவர் வாப்பா. ஹாஜியாரை விட்டுவிடாமல் அரசாங்கக் கந்தோர் கந்தோராக அலையவைத்தவரும் அவரே. ஒரு கரைக்கு ஓர் உறுப்பினர் இருந்ததால் ஒருவர்மேல் ஒருவர் பழியைப் போட்டுத் தப்ப முடியவில்லை. பாலம் திறந்த கிழமையே ராத்தா வெள்ளைச் சீருடையில் அதன்மேல் நடந்து போனாள். வாக்கைப் பிரித்துப் போடுவது தன்னுடைய யோசனைதான் என்று வாப்பா பிற்காலத்தில் கடையில் சொல்லத் தொடங்கினார். உம்மாவிடம் போய் முறையிட்டேன். “செல்லட்டும் மகன். பாலத்துல நடக்கிறது நாங்கதானே” என்றார்.

அதன் பிறகு சட்டம் மாறியது. இரண்டு உறுப்பினர் முறை போயிற்று. திரை கட்டிய கார்களும் போயின. இப்போது கண்டி மாவட்டம் முழுவதற்கும் பன்னிரண்டு பேர், எமக்கு மூன்று விருப்பு வாக்கு. எண்ணிக்கை கூடியிருக்கிறது, ஆனால் அந்தப் பன்னிரண்டில் எங்கள் ஓயாவுக்குப் பொறுப்பானவர் யார் என்று எவராலும் சொல்ல முடியவில்லை. பாலத்தின் கைப்பிடியில் ஏழு இடத்தில் துரு, யாரிடம் சொல்வது?

சென்ற தேர்தலன்று, அடையாள அட்டை சட்டைப்பையில் இருக்கிறதா என்று மூன்று தரம் தடவிப் பார்த்துக்கொண்டு, ராத்தாவோடு அந்தப் பாலத்தைக் கடந்தேன். சிறுவயதில் நாற்பத்தொரு எட்டில் கடந்துவிடுவேன். இன்று அறுபத்து மூன்று. பாலம் நீளவில்லை. ராத்தா ஆசிரியையாகி, பிறகு அதிபராகி, ஓய்வும் பெற்றுவிட்டாள்; இந்த ஊரிலிருந்து மேல்படிப்புக்குப் போன முதல் பெண் அவள். அவளுக்குப் பின் இந்தப் பாலத்தில் நடந்து ஆசிரியைகளும் தாதியரும் டொக்டர்களுமானவர்களை எண்ணிப் பார்த்தேன். என் விரல்கள் போதவில்லை.

திரும்பும்போது பாலத்தின் நடுவில் நின்று, மூன்றையும் யாருக்குப் போட்டேன் என்று கேட்டாள். வாக்கு ரகசியமானது என்றேன். மைபூசிய விரலைக் கைப்பிடியில் வைத்துக்கொண்டு அவள் சிரித்தாள்.

“உம்மாட வோட்டு மட்டும் ஊருக்கே தெரியும், தம்பி. அதுக்கு மேலதானே நிக்கிறோம்.”