தம்புசாமி அண்ணன் மேலே பார்த்தது

தம்புசாமி அண்ணன் கட்டிலில் கிடந்தபடி மேலேயே பார்த்துக்கொண்டிருந்தார். எமன் தெரிகிறான் என்றார் அவருடைய தங்கை மாரியாயி. கிள்ளானில் எங்கள் வரிசை வீடுகளில் பாதிப் பேர் அதை நம்பினார்கள். பொய் சொல்வானேன், பக்கத்து வீட்டுக்காரனான நானும் நம்பினேன். ஆனால் அண்ணன் பார்த்தது எமனை அல்ல, குழாய்களை இணைக்கிற ஒரு முக்கால் இன்ச் பிளாஸ்டிக் சாக்கெட்டை. அவர் தலைக்கு நேர் மேலே, சீலிங்குக்குப் பின்னால், அது ஒழுகிக்கொண்டிருந்தது. அந்த வீட்டில் அது தெரிந்த ஒரே ஆளால் பேச முடியவில்லை.

முப்பத்திரண்டு வருடம் தண்ணீர் இலாக்காவில் பைப்பு வேலை பார்த்தவர் அவர். எல்லாம் இரும்புக் குழாய். மரையில் சணலைச் சுற்றி, சிவப்புச் சாயத்தைப் பூசி, தன் கை நீள ஸ்பேனரைப் போட்டு முடுக்குவார். முடுக்கி முடித்ததும் ஒரு மூச்சு விட்டு, "இன்னும் ஒரு சுத்து" என்பார். அந்த ஒரு சுத்தில்தான் அவருடைய பெருமை எல்லாம் இருந்தது. அவர் கை வைத்த பைப்பு ஒழுகியது என்று எங்கள் தாமான் குடியிருப்பில் யாரும் சொன்னதில்லை. சொல்லியிருந்தால் அண்ணன் அந்த வீட்டுப் படியை மிதித்திருக்க மாட்டார். தப்பை ஒத்துக்கொள்கிற வழக்கமே அவரிடம் கிடையாது. சோற்றில் உப்பு கூடினால் மனைவி பவுனம்மாள் அக்காவின் தப்பு. மோட்டார் சைக்கிள் சறுக்கினால் ரோட்டின் தப்பு. முப்பது வருடக் குடித்தனத்தில் "நான்தான்" என்று அவர் ஒரு தடவைகூடச் சொல்லிக் கேட்டதில்லை என்று அக்கா சிரித்துக்கொண்டே சொல்வார்.

தொண்ணூற்றேழு தீபாவளிக்கு முன்னால் கூரைத் தொட்டியை மாற்றினார். அப்போதுதான் முதன்முதலாகப் பிளாஸ்டிக் சாமான் வாங்கினார். "பிள்ளைங்க விளையாடுற சாமான் லா இது" என்று முகத்தைச் சுளித்துக்கொண்டே மேலே ஏறினார். இறங்கி வரும்போது மட்டும் ஒன்றும் பேசவில்லை. அதை நான் அப்போது பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

ஜனவரியில் அவருக்குப் பக்கவாதம் வந்தது. வலப்பக்கம் போய்விட்டது, பேச்சும் போய்விட்டது. காற்றாடிக்காகவும் வருகிறவர்கள் பார்ப்பதற்காகவும் கட்டிலைக் கூடத்தில் போட்டார்கள். அந்த வருடம் மழை பொய்த்துத் தண்ணீர்ப் பங்கீடு வந்தது. எங்கள் பக்கத்துக்கு ஒருநாள் விட்டு ஒருநாள், மத்தியானம் இரண்டு மணிக்குத் தண்ணீர் வரும். தொட்டியில் பிடிக்கிற தண்ணீரில்தான் இரண்டு நாளும் அவரைத் துடைக்க வேண்டும், துணி அலச வேண்டும். அவருக்கு முதுகில் புண் வேறு வந்திருந்தது. தண்ணீர் பற்றாமல் போகும்போதெல்லாம், "அண்ணி தண்ணிய கொட்டித் தீக்குது" என்று மாரியாயி முணுமுணுத்தார். அக்கா துணியை எடுத்துக்கொண்டு அலசப் போனார். எனக்குத்தான் பற்றிக்கொண்டு வந்தது.

அண்ணன் மேலே பார்க்க ஆரம்பித்தது ஏப்ரலில். கண்ணை அகல விரித்து, இடது கையைத் தூக்கி, "ம்ம், ம்ம்" என்பார். மறுநாள் அமைதியாக இருப்பார். அதற்கடுத்த நாள் மறுபடியும் அதே பாடு. "ஒருநாள் விட்டு ஒருநாள் வந்து பாத்துட்டுப் போறான்" என்று அழுதார் மாரியாயி. காப்பாரில் இருந்து பெட்டியோடு வந்து உட்கார்ந்துவிட்டார். கட்டிலைத் தெற்கே தலை வைத்துத் திருப்பி, தலைமாட்டில் விளக்கையும் ஏற்றியாகிவிட்டது.

அந்தச் சனிக்கிழமை காலையில் அக்கா என் வீட்டு வாசலில் வந்து நின்றார். கையில் நாள்காட்டி. தண்ணீர் வருகிற நாளுக்கெல்லாம் சிவப்பு வட்டம் போட்டிருந்தார்.

"தம்பி, அவரு கைய தூக்குறதெல்லாம் இந்த வட்டம் போட்ட நாள்லதான். எமனுக்குக்கூடவா தண்ணிப் பங்கீடு?"

எனக்குச் சிரிப்பு வந்தது. அக்கா சிரிக்கவில்லை. என்னை இழுத்துக்கொண்டு போய்ச் சீலிங்கைக் காட்டினார். அண்ணனின் தலைக்கு நேர் மேலே பலகை பழுப்பேறி, தொப்பை போட்டுத் தொங்கியது. இத்தனை நாள் எல்லாரும் அவர் கண்ணைப் பார்த்தோமே தவிர, அந்தக் கண் எங்கே பார்க்கிறது என்று ஒருத்தரும் பார்க்கவில்லை. எனக்கு வெட்கமாக இருந்தது.

மேலே ஏறுவதற்கான சீலிங் ஓட்டையில் நுழைகிற உடம்பு இல்லை என்னுடையது. அக்கா சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு, டார்ச் லைட்டோடு ஏணியில் ஏறினார். அண்ணன் வீட்டு வேலை செய்யும்போதெல்லாம் லைட் பிடித்து நின்றவர் அவர்தான். மேலே கொஞ்ச நேரம் தேடினார். பிறகு தலையை மட்டும் நீட்டினார்.

"தொட்டிக்கு ஏறுற கொழாயில சாக்கெட்டு பொளந்து கெடக்கு தம்பி. முக்கால் இன்ச். புதுசு ஒன்னு வேணும். இன்னிக்குத் தண்ணி வந்தா மொத்தமும் இந்தப் பலகை மேலதான் எறங்கும்."

மீட்டர் வால்வை மூடிவிடலாம் என்று ஓடினேன். துருப்பிடித்து இறுகிக் கிடந்தது. ஊர் வால்வுக்கெல்லாம் எண்ணெய் போட்ட மனுஷன் தன் வீட்டு வால்வை மறந்துவிட்டார். அப்போது மணி பன்னிரண்டரை. மோட்டார் சைக்கிளை எடுத்தேன்.

முதல் கடையில் அந்த அளவு இல்லை. இரண்டாவது கடைச் சீனர் சாக்கெட்டையும் வெள்ளை டேப்பையும் எடுத்து வைத்து, விரலால் சுற்றிக் காட்டினார். முடுக்குகிற பக்கமாகவே டேப்பைச் சுற்ற வேண்டும். கையால் முடுக்கி, ஸ்பேனரில் ஒரு சுத்து, அவ்வளவுதான். "பிளாஸ்டிக், பாஸ். ரொம்ப முடுக்கினா வெடிக்கும்." வீட்டுக்கு வந்து இறங்கும்போது மணி ஒன்றரை. சாமானை மேலே கொடுத்து, கடைக்காரர் சொன்னதை அப்படியே சொன்னேன்.

அப்புறம் கட்டிலைப் பிடித்தேன். மாரியாயி அண்ணனின் காலைக் கட்டிக்கொண்டு கட்டில் மேலேயே உட்கார்ந்துவிட்டார்.

"உயிர் பிரியிற நேரத்துல கட்டில நகத்தக் கூடாது. எங்கண்ணன நிம்மதியா விடு!"

"மாரியாயி அக்கா, பலகை விழப்போகுது."

"நீ யாருடா எங்க குடும்பத்துல?"

மேலே பவுனம்மாள் அக்கா உத்திரத்தில் முட்டி போட்டு நகர்வது கேட்டது. பலகை நெறுநெறுவென்றது. அண்ணன் "ம்ம், ம்ம்" என்று கத்தினார். எனக்குக் கோபம் தலைக்கேறியது. தங்கையையும் சேர்த்தே கட்டிலை இழுத்தேன். நாலடி நகர்ந்திருக்கும். பலகை பாதியாக முறிந்து, அண்ணனின் தலையணை இருந்த இடத்தில் விழுந்தது. விளக்கு நசுங்கி அணைந்தது.

மாரியாயி பலகையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், மெதுவாகக் கட்டிலை விட்டு இறங்கினார். அதற்கப்புறம் எமன் பேச்சை எடுக்கவில்லை.

மேலே கூடை அகலத்துக்கு ஓட்டை. அதன் வழியாக உத்திரத்தில் குந்தியிருந்த அக்கா முழுக்கத் தெரிந்தார். முகமெல்லாம் தூசி, வியர்வை. மணி இரண்டாகப் பத்து நிமிஷம் இருந்தது. பழைய பிசுறும் அழுக்கும் இல்லாமல் இரும்பு மரையைத் துணியால் துடைத்து, வெள்ளை டேப்பை இறுக்கிச் சுற்றினார். முதல் தடவை டேப் அவிழ்ந்தது. மறுபடி சுற்றினார். சாக்கெட்டைக் கையால் முடுக்கினார். பிறகு அண்ணனின் பெரிய ஸ்பேனரைப் போட்டு ஒரு சுத்து சுற்றினார். கீழ்க் குழாயையும் அதே மாதிரி மாட்டினார்.

அண்ணன் கண் இமைக்காமல் பார்த்துக்கொண்டிருந்தார்.

அக்கா ஒரு மூச்சு விட்டார். முப்பது வருடம் கேட்டுக் கேட்டுப் பழகிய கை, ஸ்பேனரை மறுபடி சாக்கெட்டில் மாட்டியது. இன்னும் ஒரு சுத்து. கடைக்காரர் சொன்னதை நான் கத்துவதற்குள் அண்ணன் இடது கையை உயர்த்தினார். உள்ளங்கையை விரித்து, அப்படியே நிறுத்தினார். போதும்.

அக்கா அவரையே பார்த்தார். ஸ்பேனரைக் கீழே வைத்தார்.

இரண்டு மணிக்குக் குழாய் இருமியது. காற்று சீறியது, பிறகு தொட்டியில் தண்ணீர் கொட்டுகிற சத்தம். எல்லாரும் ஓட்டையைப் பார்த்தார்கள். நான் மட்டும் அண்ணன் முகத்தைப் பார்த்தேன். அந்த வீட்டில் இருந்ததிலேயே நல்ல காது அவருடையதுதான். தலையைச் சாய்த்து வெகுநேரம் கேட்டார். சொட்டுச் சத்தம் இல்லை. மூன்று வாரமாகப் பிதுங்கி நின்ற கண்கள் மெதுவாகத் தாழ்ந்தன.

அக்கா இறங்கி வந்தார். கழற்றிய சாக்கெட் அவர் கையில் இருந்தது. நீளத்துக்குப் பிளந்திருந்தது. பிளவிலிருந்து சணல் தொங்கியது, சிவப்புச் சாயம் காய்ந்து ஒட்டியிருந்தது. அதைச் சுற்றி சைக்கிள் டியூப்பைக் கிழித்துக் கம்பியால் கட்டிய கட்டு. தீபாவளிக்கு முன்னாலேயே உடைந்திருக்கிறது. அவர் முடுக்கிய முடுக்கில்தான் உடைந்திருக்கிறது. ஒருத்தருக்கும் சொல்லாமல் கட்டுப் போட்டுவிட்டு இறங்கியிருக்கிறார்.

மாரியாயி எட்டிப் பார்த்தார். "என்ன அண்ணி அது? யார் செஞ்ச வேல?"

அக்கா அதை முந்தானைக்குள் மறைத்துக்கொண்டார். "கடைக்காரன் ஒடஞ்ச சாமானக் குடுத்து ஏமாத்திட்டான். ஒங்கண்ணன் என்ன செய்வாரு?"

அப்போது அண்ணன் "ம்ம்" என்றார். இடது கையைத் தூக்கித் தன் நெஞ்சில் தட்டினார். ஒரு தடவை இல்லை, மூன்று தடவை. அக்காவை நேராகப் பார்த்தபடி தட்டினார். கண்ணில் நீர் வழிந்து காதுப் பக்கம் இறங்கியது.

"ஐயோ, நெஞ்சு வலிக்குதாம்!" என்று அலறினார் மாரியாயி. "தம்பி, டாக்டரக் கூப்பிடு!"

பவுனம்மாள் அக்கா கட்டிலில் உட்கார்ந்து, தூசி படிந்த கையால் அந்தக் கையைப் பிடித்துக்கொண்டார்.

"ஒன்னும் வேணாம் மாரியாயி" என்றார். "அவருக்கு வலிக்கல. என்கிட்ட ஒன்னு சொல்றாரு."