மேஜை மேல் ஓடிய படகு

1. கமிட்டி

மீன் பிடிக்க ஜி.பி.எஸ். பெட்டி வாங்கும் கமிட்டியில் நான்கு பேர் இருந்தோம். நால்வரில் ஒருவரும் வலையைக் கையால் தொட்டதில்லை. தலைவர் சுத்த சைவம். பக்கத்து வீட்டில் மீன் வறுத்தால் தன் வீட்டு ஜன்னலைச் சாத்துகிறவர். நான் மீன் சாப்பிடுவேன். அதனால்தான் என்னைத் தொழில்நுட்ப உறுப்பினராகப் போட்டார்கள் என்று இன்றுவரை நினைக்கிறேன்.

அலுவலகம் வேங்கிக்காலில். எந்த அலுவலகம் என்று சொல்லப் போவதில்லை, மாதம் பிறந்தால் பென்ஷன் வந்துகொண்டிருக்கிறது. இரண்டாயிரம் பிறந்து சில வருடங்கள் ஆகியிருந்தன. அணையில் பரிசல் போட்டு மீன் பிடிக்கும் குடும்பங்களைப் போய்ப் பார்த்து, அவர்கள் கேட்பதை எழுதிக்கொண்டு வருவது என் வேலை. எழுதியது கிடைக்கிறதா என்று பார்ப்பது யார் வேலை என்பது நான் ஓய்வு பெறும்வரை தெரியவில்லை.

பெட்டி கேட்டவர் முனுசாமி, பரிசல்காரர்களின் தலைவர். அணை கட்டியபோது உள்ளே இருந்த புளியமரங்களை வெட்டியவர்கள் அடிமரத்தை அப்படியே விட்டுவிட்டார்கள். தண்ணீர் ஏறினால் அந்தக் கட்டைகள் மூழ்கிவிடும், மேலே போடும் வலை சிக்கிக் கிழியும். மதகுக் கட்டடத்தையும் எதிர்க்கரை மலை முனையையும் நேராக வைத்துப் பார்த்து, எந்தக் கட்டை எங்கே என்று முனுசாமி சொல்லிவிடுவார். ஆனால் அணை நிறைவது ஐப்பசி, கார்த்திகையில். மழைமூட்டத்தில் மலை மறைவதும் அப்போதுதான். மீன் நன்றாக விழுகிற அந்த இரண்டு மாதத்தில் வலை போனால் அந்த வருடமே போன மாதிரி.

ஒரு முறை சர்வே செய்ய வந்தவர்களை அவர் பரிசலில் ஏற்றிப் போயிருக்கிறார். "மூட்டத்துல எதிர்க்க ஒண்ணும் தெரில சார். அந்தப் பொட்டியப் பாத்துக்கினே வந்தாங்க, மொத நாள் நின்ன அதே எடத்துல கொண்டாந்து நிறுத்திட்டாங்க. எங்களுக்கும் அதுமாதிரி குடுத்தீங்கன்னா கட்டை இருக்கற எடத்தெல்லாம் குறிச்சு வச்சுக்குவோம்" என்றார். கூடவே மூன்று விஷயம் சொன்னார். ஈரக்கையில் அழுத்துகிற மாதிரி பட்டன் பெரிதாக இருக்க வேண்டும். தண்ணீரில் விழுந்தால் மிதக்க வேண்டும். சந்தைக் கடையில் கிடைக்கிற டார்ச் செல்லில் ஓட வேண்டும்.

மூன்றையும் கமிட்டி முன் வைத்தேன். கமிட்டித் தலைவர் யோசித்தார். "கையில எடுத்தா கொஞ்சம் வெயிட்டா இருக்கணும்யா. லேசா இருந்தா வெளையாட்டு சாமான் மாதிரி இருக்கும்" என்றார். கணக்கு அதிகாரி கலர் ஸ்க்ரீன் வேண்டும் என்றார். பொறியாளர், "மெமரி ஜாஸ்தியா இருக்கட்டும்" என்றார், எதற்கு என்று சொல்லவில்லை. முனுசாமி சொன்ன மூன்றும் 'பயனாளியின் கருத்து' என்ற தலைப்பில் கடைசிப் பக்கத்துக்குப் போயின. தேர்வு நாளன்று அவரையும் அழைக்கலாமே என்று கேட்டேன்.

"வேணுங்கறவனே வந்து தேர்ந்தெடுத்துட்டா அப்புறம் கமிட்டி எதுக்கு?" என்றார் தலைவர். அது நியாயமான கேள்விதான். ஆனால் அவர் பதிலை எதிர்பார்த்துக் கேட்கவில்லை.

2. செயல்விளக்கம்

கார்த்திகை தீபத் திருவிழாவுக்குப் பத்து நாள் இருந்தது. அதற்குள் முடிக்காவிட்டால் அலுவலகமே தீபம் டியூட்டிக்குப் போய்விடும் என்பதால், இரண்டு கம்பெனிக்காரர்களை ஒரே நாளில் மீட்டிங் ஹாலுக்கு வரச் சொன்னோம். முதல் மாடி, மேலே காங்கிரீட், ஜன்னலுக்குத் திரை, உள்ளே ஏ.சி.

முதலில் வந்தவர் கசங்கிய சட்டை போட்ட நடுவயதுக்காரர். அவர் கொண்டுவந்த பெட்டி லேசாக இருந்தது. பட்டன்கள் பெரியவை. தண்ணீரில் மிதக்கும் என்றார். பெட்டியை ஆன் செய்ததும், சிக்னல் இல்லை என்று அது சொல்லிவிட்டது.

"உள்ள இருந்தா எடுக்காதுங்க சார். மேல வானம் தெரியணும். வெளிய வாங்க, ரெண்டு நிமிஷத்துல காட்டிடறேன்" என்றார் அவர்.

தலைவர் ஜன்னல் பக்கம் பார்த்தார். வெளியே நல்ல வெயில். "மீட்டிங் ஹால்லயே வேலை செய்யாதது அணையில எப்படிய்யா வேலை செய்யும்?" என்று கேட்டார். கமிட்டி சிரித்தது. நானும் சிரித்தேன். கசங்கிய சட்டைக்காரர் பெட்டியை உறையில் போட்டுக்கொண்டு, தன் கார்டை என்னிடம் கொடுத்துவிட்டுப் போனார்.

அடுத்தவர் டை கட்டியிருந்தார். பெட்டியை மேஜை நடுவில் வைத்துப் பட்டனைத் தட்டினார். நீலத் தண்ணீர், பச்சைக் கரை, நடுவில் ஒரு குட்டிப் படகு. படகு ஓட ஆரம்பித்தது. அம்பு திரும்பியது. வேகம் மணிக்குப் பதினெட்டு கிலோமீட்டர் என்று காட்டியது. டீ கொண்டுவந்த அம்மாள்கூட நின்று பார்த்தார்.

பெட்டிக்கு முன்னால் பிஸ்கட் தட்டு இருந்தது. தட்டு நகரவில்லை, நாங்களும் நகரவில்லை. எனக்கு அது உறுத்தியது. "சார், நாம உக்காந்த எடத்துலயேதான் இருக்கோம். இது மட்டும் எங்க போவுது?" என்று கேட்டேன்.

டைக்காரர் கொஞ்சமும் தயங்கவில்லை. "பூமி சுத்துது இல்லீங்களா சார். சேட்டிலைட் அதைத்தான் பிடிக்குது" என்றார்.

பொறியாளர் தலையாட்டினார். பொறியாளரே ஆட்டியபின் கணக்கு அதிகாரியும் ஆட்டினார். தலைவர் என்னைப் பார்த்த பார்வையில், பள்ளிக்கூடத்தில் இதெல்லாம் நடத்தவில்லையா என்ற கேள்வி இருந்தது. அந்த வருடம் என் பதவி உயர்வுக்கான ரகசியக் குறிப்பை எழுத வேண்டியவர் அவர்தான். நான் வாயை மூடிக்கொண்டு, 'செயல்விளக்கம் திருப்தி' என்ற இடத்தில் கையெழுத்துப் போட்டேன்.

3. அணைக்கரை

மேஜையில் ஓடிய அதே சாம்பிள் பெட்டியை முனுசாமியிடம் கொடுத்து, கள ஆய்வு அறிக்கை வாங்க வேண்டும். சரியாக இருந்தால் மேலும் பதினோரு பெட்டிகள் வரும். தீபம் முடிந்த வாரம் நானே கொண்டுபோனேன்.

முனுசாமி பெட்டியை வாங்கினார். பரிசலில் ஏறவில்லை. கரையில் இருந்த பாறைமேல் அதை வைத்துவிட்டு, பக்கத்தில் குந்தி, ஒரு பீடி முடியும்வரை பார்த்துக்கொண்டிருந்தார். எங்கள் கமிட்டி ஒரு நாள் முழுக்கச் செய்யாத ஆய்வு அது.

"சார், பொட்டி இங்கதான் கீது. படகு மட்டும் எங்க போவுது?" என்றார்.

நான் கேட்ட அதே கேள்வி. 'எனக்கும் தெரியவில்லை முனுசாமி, விசாரித்துச் சொல்கிறேன்' என்று சொல்லியிருக்கலாம். ஆனால் நான் ஆபீசர், அவர் பயனாளி.

"பூமி சுத்துது இல்ல முனுசாமி. சேட்டிலைட்ல அப்படித்தான் தெரியும்" என்றேன்.

"நீங்க சொன்னா சரிங்க சார்" என்றார்.

இரண்டு நாள் வெயிலில் பரிசலோட்டி, கட்டை இருக்கும் இடங்களையெல்லாம் பெட்டியில் குறித்தார். அடுத்த நாள் சாயங்காலம் மூட்டம் இறங்கியது. மலை தெரியவில்லை. கட்டைகள் தூரத்தில் இருப்பதாகப் பெட்டி காட்டியது. அதை நம்பி நான்கு வலைகளை இறக்கினார். வெயில் காலம் முழுக்க அவரும் அவர் மனைவியும் உட்கார்ந்து கட்டிய புது வலைகள். காலையில் இழுத்தபோது மேல்கயிறும் மிதவையும் வந்தன. வலை கட்டையோடு தங்கிவிட்டது.

4. அறிக்கை

முனுசாமி திருப்பிக் கொடுத்த பெட்டியோடு போய்த் தலைவரிடம் நடந்ததைச் சொன்னேன். "மெஷின்ல தப்பு இல்லய்யா. ஹால்ல நல்லாத்தானே ஓடிச்சு. அந்தாளுக்கு யூஸ் பண்ணத் தெரில. காரணம், பயனாளிக்குப் பயிற்சி இல்லைன்னு எழுதிடு. ஒரு டிரெய்னிங் போட்டுடலாம்" என்றார்.

"எங்க சார் டிரெய்னிங்?"

"இங்கதான். ஹால்ல."

அவர் சொன்னபடி அறிக்கையை எழுதினேன். அனுப்ப மனம் வரவில்லை. பைலில் இருந்த கார்டைத் தேடியெடுத்து, கசங்கிய சட்டைக்காரருக்குப் போன் செய்து விஷயத்தைச் சொன்னேன். அன்றைக்குச் சிரித்ததற்கு அவர் இரண்டு வார்த்தை திட்டியிருந்தால் எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும். அவர் திட்டவில்லை. "ஸ்க்ரீன் மூலைல சின்னதா டெமோன்னு இருக்கா பாருங்க சார்" என்றார்.

இருந்தது, கடுகளவு எழுத்தில்.

"கடைக்குள்ள வச்சுக் காட்டறதுக்காக அது. படம் மாதிரி தானா ஓடும், சிக்னலே எடுக்காது. மெனுவுல போய் அத ஆஃப் பண்ணிட்டு வெளிய எடுத்துக்கினு போங்க. பொட்டி நல்ல பொட்டிதான்."

பஸ் பிடித்து அணைக்குப் போனேன். முனுசாமி கிழிந்த வலைகளின் மிதவைக் கயிறுகளைப் பிரித்துக்கொண்டிருந்தார். டெமோவை அணைத்துப் பெட்டியைப் பாறைமேல் வைத்தேன். மூன்று நிமிடம் ஆனது. வேகம் பூஜ்யம் என்று வந்தது. குட்டிப் படகு நின்ற இடத்தில் நின்றது. நடந்ததை அவரிடம் மறைக்காமல் சொன்னேன்.

அவர் பெட்டியைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தார். "அன்னிக்கு நான் கேட்டப்போ, உங்களுக்கும் அந்த சந்தேகம் இருந்துச்சா சார்?"

"இருந்துச்சு."

"பொட்டி பொய் சொல்லுதுன்னு பாத்த ஒடனே எனக்குத் தெரிஞ்சிடுச்சு. நீங்க சொன்னதத்தான் சார் நான் கண்டுபுடிக்கல" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. மறுபடி கயிற்றைப் பிரிக்க ஆரம்பித்தார். முப்பது வருட வேலையில் என்னை யாரும் அவ்வளவு கேவலமாக உணர வைத்ததில்லை.

புதிதாக வேலைக்கு வரும் தம்பி, தங்கைகளுக்கு நான் சொல்லக்கூடியது இதுதான். எந்தக் கருவியையும் அது வேலை செய்யவேண்டிய இடத்தில் வைத்துப் பாருங்கள். வெயிலாக இருந்தாலும் வெளியே போங்கள். உங்களுக்குப் புரியாத ஒன்றை யாராவது கேட்டால், தெரியாது என்று சொல்லுங்கள். பதவி உயர்வு ஒரு வருடம் தள்ளிப் போகலாம். எனக்கு இரண்டு வருடம் தள்ளிப் போனது.

அன்று திரும்பி வந்து, அறிக்கையில் 'பயனாளிக்குப் பயிற்சி இல்லை' என்பதைக் கோடு போட்டு அடித்தேன். 'பயனாளி சரியாகச் சந்தேகம் கேட்டார். எனக்குத் தெரியாததைத் தெரிந்த மாதிரி சொல்லி அனுப்பினேன். நான்கு வலைகளும் அதனால் போயின' என்று எழுதினேன். தலைவர் படித்தார். நடை அலுவலக நடையாக இல்லை, திருத்தி அனுப்பவும் என்று சிவப்பு மையில் எழுதித் திருப்பினார். திருத்த என்ன இருக்கிறது என்று எனக்குத் தெரியவில்லை. அதே மூன்று வரிகளைத் தட்டச்சு செய்து, கையெழுத்தை மட்டும் இன்னும் கொஞ்சம் தெளிவாகப் போட்டு அனுப்பினேன்.