கை நீட்டும் நாலு ராஜா

இது நடந்தது. நம்பாதவங்க தாராவிக்கு வந்து சொரிமுத்தோட இடது கையைப் பாத்துட்டுப் போகலாம். எழுத்துக் கூட்டி எழுதுறவன் நான், பட்டறைப் பயலுகளுக்கு சேசண்ணன். ஜோடிச்சு எழுதத் தெரியாது.

எங்க பட்டறையில கல்யாணப் பத்திரிகை, மிட்டாய் டப்பா, சீட்டுக்கட்டு எல்லாம் அடிப்போம். அச்சு மெஷின்ல காலித். கட்டிங் மெஷின்ல சொரிமுத்து. கையில கிடக்கிற செம்பு மோதிரத்தைக் கழட்டுடான்னு எத்தனை தடவை சொன்னாலும் கேக்க மாட்டான். நானும் மாரிசெல்வமும் அடுக்கி டப்பாவுல போட்டு ஒட்டுவோம்.

போன ஜூலையில மாட்டுங்காவுல இருந்து வெங்கடராமன்னு ஒரு தம்பி வந்தார். அவரே வரைஞ்ச சீட்டுக்கட்டு. அதுல ஆட்டின், இஸ்பேடு எதுவும் கிடையாது. அரிவாள், கயிறு, தீ, தண்ணி. நாலும் நாலு விதமான கோபமாம். நாலு ராஜாவும் வலது கையில அதைப் பிடிச்சிருப்பாங்க. இடது கையை நம்மளைப் பாத்து நீட்டியிருப்பாங்க. வெறுங்கை.

"ஏன் தம்பி, பிச்சை கேக்குற மாதிரி இருக்கு?"ன்னு கேட்டேன்.

"கோபத்துக்கு எவ்வளவு கொடுத்தாலும் போதாது இல்லையா, அதான்"னு சிரிச்சார்.

சனிக்கிழமை எல்லாக் கட்டையும் பிளாஸ்டிக் சுத்தி ஒட்டியாச்சு. ஒட்டினது நான்.

பட்டறையில ஒரு பழக்கம் உண்டு. சீட்டுக்கட்டு சரக்கு வெளிய போறதுக்கு முந்தி, வேஸ்ட் ஷீட்டுல ஒரு கட்டு வெட்டி நாங்களே ஒரு ஆட்டம் போடுவோம். போடாம அனுப்பினா சரக்கு திரும்பி வரும்னு ஒரு நம்பிக்கை. தோத்தவன் சாயா வாங்கிட்டு வரணும்.

ஞாயித்துக்கிழமை மத்தியானம். வெளிய மழை கொட்டுது. மூணு இருபதுக்குக் கரண்ட் போச்சு. மொபைல் லைட்டைப் போட்டுக்கிட்டு நாலு பேரும் உக்காந்தோம். ஆளுக்கு ஒரு சீட்டு உருவணும். சின்னச் சீட்டு வந்தவன் மழையில சாயாவுக்குப் போகணும்.

உருவினோம்.

நாலு பேருக்கும் ராஜா.

சொரிமுத்துக்கு அரிவாள். காலித்துக்குத் தீ. மாரிசெல்வத்துக்குத் தண்ணி. எனக்குக் கயிறு.

"எல்லாவனும் ராஜான்னா சாயாவுக்கு எவம்ல போறது?"ன்னு மாரிசெல்வம் சிரிச்சான்.

காலித் கலைச்சுப் போட்டான். மறுபடி உருவினோம். அதே நாலு ராஜா. அவனவனுக்கு அதே ராஜா.



நானே வாங்கிக் கலைச்சேன்... அதேதான். சீட்டு சூடா, ஈரமா இருந்துச்சு. வேர்த்த உள்ளங்கை மாதிரி.

சொரிமுத்து காலித்தை முறைச்சான். "ஏல, வித்தை காட்டுதியோ?"

"அல்லா மேல சத்தியம் பாய். கலைச்சது சேசண்ணன்..."

சொல்லி முடிக்கல. வாயிலேயே குத்து விழுந்துச்சு. பல் தரையில உருண்ட சத்தம் கேட்டுச்சு. ரெண்டு பேரும் ஒரே டப்பாவுல சாப்பிடுறவங்க. கரப்பானைக்கூட மிதிக்காத சொரிமுத்து, காலித் முடியைக் கொத்தாப் பிடிச்சுத் தரதரன்னு இழுத்துட்டுப் போனான். கட்டிங் மெஷின்ல, கத்திக்கு அடியில, தலையை வச்சு இடது கையால அமுக்கினான்.

"விடுறா... கொன்னுராத..."ன்னு நான் பின்னாலேயே ஓடினேன்.

அந்த மெஷின்ல ரெண்டு பட்டனையும் ரெண்டு கையால ஒரே நேரத்துல அமுக்கினாத்தான் கத்தி இறங்கும். கரண்ட் இல்ல. பட்டன்ல யாரு கையும் இல்ல.

ஸ்ஸ்ஸ்...

பேப்பரை அமுக்குற இரும்புப் பட்டை மெதுவா இறங்குச்சு.

நானும் மாரிசெல்வமும் காலித்தோட காலைப் பிடிச்சு இழுத்தோம். காது கிழிஞ்சு, தலை வெளிய வந்துச்சு.

சொரிமுத்து கை வரல.

"சேசண்ணே... உள்ள எவனோ என் கையைப் பிடிச்சிருக்கான்ணே..."

இப்ப அது பழைய சொரிமுத்து முகம். அழுதான்.

தோளைப் பிடிச்சு இழுத்தேன். உள்ள இருந்தும் எவனோ இழுத்தான். என்னைவிட பலமா...

தட்.

கரண்ட் வந்துச்சு.

மூணு விரல் போயிருச்சு. மணிக்கட்டுல அஞ்சு விரல் பதிஞ்ச கன்னிப்போன தடம். விரலை ஐஸ்ல வச்சுக் கொண்டாங்க, தைச்சுப் பாக்கலாம்னு ஆஸ்பத்திரியில சொன்னாங்க. ஓடி வந்து மெஷின் அடியில, வேஸ்ட் மூட்டையில, வாசல் சாக்கடை வரைக்கும் தேடினோம். ரத்தம் இருந்துச்சு.

விரல் இல்ல.

புதன்கிழமை வெங்கடராமன் சரக்கு எடுக்க வந்தார். ஒரு டப்பாவைப் பிரிச்சார். ஒரு சீட்டை உருவி என்கிட்ட நீட்டினார்.

"இத யாரு மாத்தினா? நான் இப்படி வரையலையே..."

வாங்கிப் பாத்தேன். அரிவாள் ராஜா.

இடது கை மூடியிருந்துச்சு.

கைக்குள்ள மூணு விரல். ஒண்ணுல செம்பு மோதிரம்.

அடுத்த டப்பா. அதுக்கடுத்தது... எல்லாத்துலயும் அப்படித்தான். சனிக்கிழமை நான் ஒட்டின பிளாஸ்டிக் ஒண்ணுகூடக் கிழியல.

மத்த மூணு ராஜாவையும் உருவிப் பாத்தேன். தீ. தண்ணி. கயிறு.

அவங்க கை இன்னும் காலியாத்தான் இருக்கு. நீட்டிக்கிட்டே.