பாளையங்கோட்டையில் குண்டலினி வகுப்பு எடுத்தேன்

யோகா கற்றுக்கொள்ள வருகிறவர்கள் முதுகை நிமிர்த்துவதற்கு முன்பே புருவத்தை உயர்த்திவிடுவார்கள். அதிலும் குண்டலினி என்றால் கேட்கவே வேண்டாம். தொண்ணூறுகளின் நடுவில், பாளையங்கோட்டையில் ஒரு ஜவுளிக்கடை மாடியில், மூன்று வருஷம் அந்த வகுப்பை நடத்தினேன். பகலில் பள்ளிக்கூட டிரில் மாஸ்டர், காலை ஐந்தரைக்கு யோகா மாஸ்டர். டியூஷன், தையல், டைப்ரைட்டிங் என்று எதையாவது கற்றுக்கொடுத்துப் பிழைத்தவர்களுக்கு என் பாடு புரியும்.

பாம்பு எங்கே?

சண்முகம் அண்ணாச்சி இரும்புக் கடை வைத்திருந்தார். ஐம்பது தாண்டியவர். சேர வந்தபோதே வகுப்பில் என்னென்ன நடக்கும் என்று ஒவ்வொன்றாக விசாரித்தார். ஜமுக்காளத்தில் சம்மணம் போட்டு உட்கார வேண்டும், வெறும் வயிற்றோடு வர வேண்டும், மூச்சை எண்ணி இழுத்து எண்ணி விட வேண்டும், முதல் வாரம் முழங்கால் வலிக்கும், கண்ணை மூடினால் தூக்கம் வரும் என்று உள்ளதைச் சொன்னேன். நான் எதையோ மறைப்பது போலப் பார்த்தார். முதுகெலும்புக்கு அடியில் பாம்பு சுருண்டு கிடக்கிறது, எழுப்பினால் உச்சந்தலை வரை ஏறும் என்று யாரோ அவரிடம் சொல்லியிருந்தார்கள். அது சும்மா ஒரு உவமை, நானே பார்த்ததில்லை என்றேன்.

"அப்பம், பாம்ப எழுப்பத் தெரியாமலா வே வகுப்பு நடத்துதீரு?"

காவல்

மறுநாள் அவரோடு மனைவி கோமதி அம்மாளும் வந்தார். சேரவில்லை. மாடிப்படியின் மேல்படியில், கதவிடுக்கு வழியாக உள்ளே தெரிகிற மாதிரி உட்கார்ந்துகொண்டார். களக்காட்டில் அவருடைய சொந்தக்காரர் ஒருவர் தியானம் பழகப் போய், பெண்டாட்டி பிள்ளைகளை விட்டுவிட்டுக் காவி கட்டிக்கொண்டு போய்விட்டாராம். நான் யார் காதிலாவது எதையாவது ஓதுகிறேனா என்று தினமும் கவனித்தபடி இருந்தார். பத்து நாள் பொறுத்துப் பார்த்தேன். பிறகு, நீங்களும் உள்ளே வந்து உட்காரலாமே என்று கூப்பிட்டேன்.

"ரெண்டு பேரும் கண்ண மூடிட்டா, ஒங்கள யாரு பாக்கது தம்பி?"

நல்ல அறிகுறி

வகுப்பில் ஒருவர் உடம்பு சிலிர்க்கிறது என்றால், அடுத்த நாள் நாலு பேருக்குச் சிலிர்க்கும். எனக்கு அதில் சந்தேகம்தான். ஆனால் யார் எதைச் சொன்னாலும் 'நல்ல அறிகுறி' என்று சொல்லச் சொல்லித்தான் எனக்கு யோகா கற்றுக்கொடுத்தவர்கள் பழக்கியிருந்தார்கள். நானும் சொல்லிக்கொண்டிருந்தேன். இரண்டாம் மாதம் ஒரு திங்கட்கிழமை, அண்ணாச்சி நெஞ்சில் சூடு ஏறுவதாகச் சொன்னார். நல்ல அறிகுறி என்றேன். பக்கத்திலிருந்தவர்கள் அவரைப் பொறாமையோடு பார்த்தார்கள்.

செவ்வாய்க்கிழமை அந்தச் சூடு இடது தோளுக்குப் போய்க் கையில் இறங்குவதாகச் சிரித்துக்கொண்டே சொன்னார். சட்டை முழுக்க வேர்வை. மேலே ஏற வேண்டியது கையில் இறங்குவானேன் என்று அவரை உற்றுப் பார்த்தேன். நான் எழுவதற்குள் கோமதி அம்மாள் கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே வந்துவிட்டார். இருவருமாகத் தாங்கிப் பைய இறக்கி, ஆட்டோவில் பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். வழியெல்லாம் அண்ணாச்சி, வகுப்பு முடிய இன்னும் இருபது நிமிஷம் இருக்கிறதே என்று முனகினார். மாரடைப்பு என்றார் டாக்டர். இன்னும் கொஞ்சம் தாமதித்திருந்தால் சொல்வதற்கில்லை என்றும் சொன்னார்.

வராந்தாவில் நின்றிருந்த கோமதி அம்மாளிடம், நேற்றே அவர் என்னிடம் சொன்னார், நான்தான் நல்ல அறிகுறி என்று சொல்லிவிட்டேன் என்று ஒப்புக்கொண்டேன். திட்டட்டும் என்று தலையைக் குனிந்துகொண்டேன்.

"நீங்க சொன்னத அவுக நம்புனாக. நான் நம்பல. அதான் படிய விட்டு எந்திரிக்கல."

போர்டு

அண்ணாச்சி பிழைத்தார். அந்த வாரமே கீழ் வாசலில் ஒரு போர்டு எழுதி மாட்டினேன்: நெஞ்சு வலி, மயக்கம், கை மரத்துப்போவது எது வந்தாலும் உடனே டாக்டரைப் பாருங்கள், அது குண்டலினி இல்லை. பாதிப் பேர் நின்றுவிட்டார்கள். மிச்சப் பேரில் யாருக்காவது சிலிர்த்தால், பாராட்டாமல் நாடியைப் பிடித்துப் பார்த்தேன். அவர்களுக்கு அது பிடிக்கவில்லை. வாத்தியாருக்கே நம்பிக்கை போய்விட்டது என்று தங்களுக்குள் பேசிக்கொண்டார்கள்.

மூன்று மாதம் கழித்து அண்ணாச்சி பார்க்க வந்தார். மெலிந்திருந்தார். மாடியேற டாக்டர் இன்னும் விடவில்லை என்று கீழேயே நின்றுகொண்டு என்னைக் கூப்பிட்டனுப்பினார். கையைப் பிடித்துக்கொண்டு நலம் விசாரித்தார். பிறகு போர்டைப் பார்த்தார். கண்ணாடியை மாட்டிக்கொண்டு இரண்டு தடவை நிதானமாகப் படித்தார்.

"உண்மைய இப்பிடி வெளிய எழுதிப் போட்டா, எவன் வே உள்ள வருவான்?"

மூன்று வருஷம் குண்டலினி சொல்லிக்கொடுத்ததில், சந்தேகத்துக்கு இடமில்லாமல் மேலே ஏறியது என்னுடைய ரத்த அழுத்தம் ஒன்றுதான்.