பிளேயர் படிக்காத எழுத்து

பீங்கான் ஃபியூஸ் கட்டைகளின் பிசிறைச் சுரண்டி, பளபளப்புக்காகப் பூச்சுக் கலவையில் முக்கி எடுப்பது மகேஸ்வரியின் வேலை. கருவேப்பிலங்குறிச்சியிலிருந்து கல்யாணமாகி விருத்தாசலம் வந்த நாளிலிருந்து இதுதான் பிழைப்பு. கை வேலை பார்க்கும், வாய் மாரியம்மன் மேல் பாட்டுக் கட்டும். ஆடி மாதம் அவள் பாடாமல் அந்தத் தெருவில் கூழ் ஊற்ற மாட்டார்கள். புருஷன் பூபாலன் பக்கத்தில் உட்கார்ந்து உடுக்கை அடிப்பான். சுமாராகத்தான் அடிப்பான்.

இரண்டாயிரத்து ஐந்தில் புதுச்சேரி கம்பெனிக்காரர் ஒருவர் கேள்விப்பட்டு வந்து, இருவரையும் அழைத்துப்போய்ப் பாட்டுகளைப் பதிவு செய்தார். பிறகு தபாலில் ஒரு சிடி வந்தது. பக்கத்து வீட்டுப் போனில் அவர் மகேஸ்வரியிடமே விஷயத்தைச் சொன்னார். அதில் பாட்டும் இருக்கிறது, அட்டையில் அச்சடிக்கப்போகிற எழுத்தும் இருக்கிறது. பாட்டுக் கட்டியவர், பாடியவர் பேரெல்லாம் சரிதானா என்று பார்த்துச் சொன்னால் அச்சுக்குப் போய்விடும்.

அவளுக்குப் பாட்டைவிட அந்த எழுத்தின் மேல்தான் ஆசை. பாட்டுதான் தெரியுமே. தன் பேரை அச்சில் பார்த்தது கல்யாணப் பத்திரிகையில் மட்டும், அதுவும் இன்னார் மகள் என்று.

பஸ் ஸ்டாண்டு பக்கம் தர்மராஜ் நடத்திய பிரவுசிங் சென்டருக்குப் பூபாலன் சிடியை எடுத்துக்கொண்டு போனான். திரும்பி வந்து, இதற்குப் பிளேயர் வேண்டுமாம் என்றான். கம்ப்யூட்டர்காரர் வாயில் பிளேயர் என்றால் பாட்டைத் திறக்கிற சாஃப்ட்வேர். ஊர் வாயில் பிளேயர் என்றால் டிவிக்குக் கீழே வைக்கிற பெட்டி. மகேஸ்வரி ஊர்ப்பக்கம். காதில் கிடந்த கம்மலைக் கழற்றிக் கொடுத்தாள். டிவிடி பிளேயர் வந்தது, பாட்டு ஓடியது, தெருவே வாசலில் நின்று கேட்டது. எழுத்து மட்டும் வரவில்லை. ரிமோட்டில் இருந்த பொத்தான் அத்தனையும் அமுக்கிப் பார்த்தாள்.

“அது டிவியில வராது. கம்ப்யூட்டர்லயும் பூச்சி பூச்சியாத்தான் வருது, ஃபாண்ட் இல்லியாம். அவங்களே பாத்துப் போட்டுக்குவாங்க” என்றான் பூபாலன்.

நம்பினாள். நம்பாமல் என்ன செய்வாள்? மகளிர் குழு நோட்டீஸ் ஒருமுறை அப்படித்தான் தமிழே இல்லாமல் கட்டம் கட்டமாக வந்து மானத்தை வாங்கியது.

மாசி மகத்துக்கு சிடி கடைக்கு வந்துவிட்டது. அட்டையில், ‘பாடல்கள், இசை: பூபாலன். குரல்: குழுவினர்.’ குழுவினராம்! அவளை விட்டால் அந்தக் குழுவில் ஓர் ஈ காக்கை கிடையாது. கம்பெனிக்காரர்தான் குளறுபடி செய்துவிட்டார் என்று நினைத்து நேரே தர்மராஜிடம் போனாள். எப்படியாவது அந்த ஃபாண்டை வரவழைத்துத் தாருங்கள், அவர்கள் என்ன எழுதி அனுப்பினார்கள் என்று பார்க்க வேண்டும் என்றாள்.

தர்மராஜுக்கு ஒன்றும் புரியவில்லை. “அன்னிக்கே நெட்ல எறக்கிப் போட்டுக் குடுத்தேனேம்மா. பாட்டுக்குப் பிளேயரும் ஏத்திட்டேன், அதுக்குக் காசே கெடையாது. உங்க வூட்டுக்காரரு கேட்டாரு, படிச்சாரு. ரெண்டு எடத்துலயும் உங்க பேருதான் இருந்துச்சு. அவருதான் இங்கேருந்தே கம்பெனிக்குப் போன் போட்டு மாத்தச் சொன்னாரு.”

பாவி. கம்மலையும் வாங்கிக்கொண்டு, பேரையும் அழித்துவிட்டு, ஒன்றும் தெரியாதவன் போலப் பக்கத்தில் உட்கார்ந்து பாட்டுக் கேட்டிருக்கிறான்.

வீட்டில் கேட்டபோது பூபாலன் சோற்றுத் தட்டிலிருந்து நிமிரவில்லை. “கொரலு ஒன்னுதுதான ஓடுது? பொம்பள பேரு போட்டா யாரு வாங்குவாங்க?” என்றான்.

அந்த ஆடிக்குப் பாட மாட்டேன் என்று சொல்லியனுப்பினாள். கோயில்காரர்கள் வந்து கெஞ்சுவார்கள், அப்போது எல்லார் முன்னாலும் போட்டு உடைத்துவிடலாம் என்று வார்த்தைகளைக்கூடத் தயாராக வைத்திருந்தாள். தர்மகர்த்தா சாமிதுரை வந்தார். கெஞ்சவில்லை.

“ஒடம்பு முடியலன்னா படுத்துக்கம்மா. அதான் சிடி இருக்குதுல்ல” என்று சொல்லிவிட்டுப் போனார்.

கூழ் ஊற்றி முடிகிறவரை மைக்செட்டில் அவள் குரல்தான் பாடியது. முடிந்ததும் பூபாலனுக்குச் சால்வை போர்த்தினார்கள்.