புரட்டாசிப் பெட்டி

எங்கள் உணவு வங்கியில் மழைக்காலம் ஆகஸ்ட் மாதமே தொடங்கிவிடும். வெளியே வெயில் மண்டையைப் பிளக்கும்போதே நாங்கள் ஒரு நீள மேசையைச் சுற்றி உட்கார்ந்து, வராத வெள்ளத்துக்காகச் சண்டை போட ஆரம்பித்துவிடுவோம். கப்பல் கம்பெனி ஒன்றில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள் நான். வீட்டில் சும்மா இருக்கப் பிடிக்காமல் இங்கே வந்தேன். வந்த இடத்திலும் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்கத் தெரியாததால், வெள்ளப் பெட்டி கட்டும் பொறுப்பை என் தலையில் கட்டிவிட்டார்கள்.

மற்ற மாதங்களில் வேலை எளிது. பேரங்காடிகளில் மிஞ்சுவதை வாங்கி வந்து பிரித்துக் கொடுப்போம். மழைக்காலத்துக்கு அது உதவாது. சுங்கை பினாங் ஆற்றோரத்தில் தண்ணீர் ஏறிவிட்டால் எங்கள் லோரி உள்ளே போக முடியாது. அதனால் தண்ணீர் வருவதற்கு முன்பே வீட்டுக்கு ஒரு பெட்டி போய்ச் சேர்ந்துவிட வேண்டும். அந்தப் பெட்டிக்கு இருந்தது ஒரே விதி: உள்ளே இருப்பது எதுவானாலும் அடுப்பு மூட்டாமல் சாப்பிடக்கூடியதாக இருக்க வேண்டும். சார்டின் டின், பிஸ்கட், தண்ணீர் போத்தல், பாக்கெட் பால், கொஞ்சம் சீனி.

விதி நல்ல விதிதான். ஆனால் நம் ஊரில் மழையும் புரட்டாசியும் கைகோத்துக்கொண்டு வருகின்றன. முந்தின வருடம் வெள்ளம் வடிந்த பிறகு போய்ப் பார்த்தால், தமிழர் வீடுகளில் பாதிக்கு மேல் சார்டின் டின்கள் திறக்காமலே இருந்தன. பெருமாள் மாதத்தில் மீனைத் தொடுவார்களா? பிஸ்கட்டை மட்டும் தின்று பொழுதைக் கழித்திருக்கிறார்கள். சிலர் டின்களைத் துடைத்து, பத்திரமாகத் திருப்பியே கொடுத்தார்கள்.

அதனால்தான் அந்த வருடக் கூட்டத்தில் கோயில் அன்னதானக் குழுவின் செயலாளர் எழுந்தார். நல்ல மனிதர். நல்ல மனிதர்களிடம் சண்டை போடுவதைப் போலக் கஷ்டம் வேறில்லை.

"நம்ம ஆளுங்களுக்குத் தனியா ஒரு சைவப் பெட்டி கட்டிடலாம். அரிசி, பருப்பு, கோதுமை மாவு, எண்ணெய். எல்லாம் கோயில்லயே இருக்கு. மக்கள் குடுத்துக்கிட்டே இருக்காங்க" என்றார்.

"வெள்ளத்துல எங்கண்ணே சமைப்பாங்க?" என்றேன்.

"கேஸ் தோங்கும் அடுப்பும் இல்லாத வீடு ஏதும்மா இந்தக் காலத்துல? மேசை மேல தூக்கி வெச்சு ஆக்கிக்குவாங்க லா. சோறு இருந்தாத்தான் அது சாப்பாடு. பிஸ்கட்ட யாராச்சும் சாப்பாடுன்னு சொல்வாங்களா?"

மேசையே மிதக்கும் வீடுகளை நான் பார்த்திருக்கிறேன். அதைச் சொன்னேன். டின்னில் அடைத்த கொண்டைக்கடலை வாங்கலாம் என்றும் சொன்னேன். யார் தருவார்கள் என்று கேட்டார்கள். அரிசி கொடுத்தால் புண்ணியம் என்று ஊருக்கே தெரியும். கொண்டைக்கடலை டின் கொடுத்தால் என்ன கிடைக்கும் என்று யாருக்கும் தெரியாது. கடைசியில் இரண்டு பக்கத்தையும் திருப்திப்படுத்த, சைவப் பெட்டியிலும் தண்ணீர், பிஸ்கட், பால், சீனி நான்கையும் வைப்பதாக முடிவானது. சூலியா தெருவில் சாப்பாட்டுக் கடை வைத்திருக்கும் முதலாளி, எங்கள் கூட்டத்துக்குத் தவறாமல் வரும் தமிழ் முஸ்லிம் பெரியவர், "தண்ணி வந்த அன்னைக்கு சுடுசோறு என் கடையிலேர்ந்து வரும். காய்கறி மட்டும் போட்டுத் தனியா கட்டித் தாறேன்" என்றார். எல்லாரும் கை தட்டினார்கள். நானும் தட்டினேன்.

அவர் கடையில் தட்டு கழுவும் பெண் ஒருத்தி இருந்தாள். சுங்கை பினாங் ஓரத்தில் பழைய பலகை வீடு. பிள்ளைகள் இல்லை, கணவர் மட்டும்தான். அவருக்குச் சர்க்கரை வியாதி, எங்கள் பேச்சில் இனிப்பு நீர், முற்றி, காலில் இரண்டு விரல்களை எடுத்தாகிவிட்டது. மிச்சக் காலாவது தங்க வேண்டும் என்று அவள் பெருமாளிடம் வேண்டிக்கொண்டு புரட்டாசி முழுக்க விரதம் இருப்பாள். வீட்டுக்குள் மீன் வாடை வராது. அவரும் முணுமுணுத்துக்கொண்டே கூடச் சேர்ந்து இருப்பார்.

பெட்டி வாங்க அவளே வந்தாள். அங்கேயே உட்கார்ந்து பிரித்தாள். சீனியை எடுத்து என் மேசையில் வைத்தாள். பிஸ்கட் கிரீம் வைத்தது, அதையும் வைத்தாள். பால் சாக்லேட் பால், அதையும் வைத்தாள். நன்கொடையாக வருவதெல்லாம் இப்படித்தான் வரும், இனிப்பாக.

"கொஞ்சமாவது இருக்கட்டும்மா. உனக்காச்சும் ஆகும்ல" என்றேன்.

"வேணாங்க்கா. வீட்டுல இருந்தா எங்க ஒளிச்சு வெச்சாலும் கண்டுபிடிச்சிருவாரு. சின்னப் புள்ள மாதிரி. சீனி டப்பாவையே நான் எப்பவோ தூக்கிப் போட்டுட்டேன்" என்று சிரித்தாள். கணவரைக் குறை சொல்லும் பெண்களின் முகத்தில் வரும் அந்தச் சின்னப் பெருமை அவளுக்கும் வந்தது.

எனக்கு அவளைப் பிடித்திருந்தது. இவ்வளவு கவனமாக ஒருவரைப் பார்த்துக்கொள்ள முடியுமா என்று இருந்தது. பெட்டியில் அரிசியும் பருப்பும் மாவும் எண்ணெயும் தண்ணீரும் மிஞ்சின. அவள் அதைத் தூக்கி மோட்டார் சைக்கிளின் பின்னால் கட்டிக்கொண்டு போனாள்.

வெள்ளம் ஒரு சாயங்காலம் வந்தது. மதியத்திலிருந்தே விடாத மழை. கடல் ஏறும் நேரமும் சேர்ந்துகொள்ள, ஆற்றுக்குப் போக இடமில்லாமல் போனது. அந்தப் பக்கத்து ஆட்கள் முக்கால்வாசிப் பேர் பொது மண்டபத்துக்குக் கிளம்பிவிட்டார்கள். அவள் கிளம்பவில்லை. கணவரின் காலில் கட்டு இருந்தது. அந்தச் சாக்கடைத் தண்ணீரில் காலை வைத்தால் மிச்சமிருப்பதும் போய்விடும் என்று மருத்துவமனையில் பயமுறுத்தியே அனுப்பியிருந்தார்கள். தண்ணீர் இறங்கிவிடும், இறங்கின பிறகு போகலாம் என்று கட்டிலின் மேல் பலகை போட்டு இரண்டு பேரும் ஏறி உட்கார்ந்துகொண்டார்கள்.

அதற்கு முன்பே அவர் சாயங்கால இன்சுலின் ஊசியைப் போட்டுக்கொண்டுவிட்டார். தினமும் போடும் நேரம் அது. போட்ட கொஞ்ச நேரத்தில் சாப்பிட வேண்டும். அவள் அடுப்பில் உலை வைத்திருந்தாள். அரிசி வேகும் முன்பே தண்ணீர் அடுப்பு வரை வந்து, கேஸ் தோங் சாய்ந்து, பானை மிதந்து போனது.

சூலியா தெருவில் முதலாளி வாக்குத் தவறவில்லை. சோறு ஆக்கினார். காய்கறிப் பொட்டலம் தனியாகவும் கட்டினார். அதைக் கொண்டுபோன மோட்டார் சைக்கிள்கள் ஆற்றுப் பக்கம் நுழைய முடியாமல், ஆட்கள் இருந்த மண்டபத்துக்குப் போயின. அங்கே எல்லாரும் வயிறாரச் சாப்பிட்டார்கள். அன்றைக்கு எங்கள் வேலை நன்றாகவே நடந்தது என்று நாங்கள் ஒருவருக்கொருவர் செய்தி அனுப்பிக்கொண்டோம்.

அவள் என்னிடம் இதையெல்லாம் சொன்னது மருத்துவமனை நடைவழியில். அவருக்கு முதலில் வியர்த்ததாம், பிறகு ஏதேதோ உளறினாராம். பயத்தில் பேசுகிறார் என்று நினைத்தாளாம். அப்புறம் தூங்கிவிட்டார். "தூங்கட்டும்னு விட்டுட்டேங்க்கா. தூங்குனா பசி தெரியாதுல்ல" என்றாள். தண்ணீர் கொஞ்சம் வடிந்து, படகுக்காரர்கள் வந்து எட்டிப் பார்த்தபோதும் அவர் எழுந்திருக்கவில்லை. ஊசி போட்டுச் சாப்பிடாததால் ரத்தத்தில் சர்க்கரை அடியோடு இறங்கிவிட்டது, கொஞ்சம் சீனித் தண்ணீர் கொடுத்திருந்தால் போதும் என்று டாக்டர் சொல்லிவிட்டுப் போனார். சின்ன வயது டாக்டர். கடிந்துகூடச் சொல்லவில்லை, தகவலாகத்தான் சொன்னார்.

எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவில்லை. யார் மேல் காட்டுவது என்றுதான் தெரியவில்லை. செயலாளர் மேல் காட்டலாமா? சாமிக்குப் பயந்தவர்கள் பட்டினி கிடக்கக்கூடாது என்று நினைத்தவர். முதலாளி மேல்? தன் கடை வாசலில் தண்ணீர் நிற்க நிற்கச் சோறு ஆக்கியவர். இவள் மேல்? இவள் அவர் காலுக்காக மீனை விட்டாள், அவர் உயிருக்காகச் சீனியை விட்டாள். ஒவ்வொருவரும் நல்லதையே செய்து, எல்லா நல்லதும் ஒன்று சேர்ந்து ஒரு மனிதரை முடித்துவிட்டது. கெட்டவன் ஒருவன் இருந்திருந்தால் எனக்குச் சாப்பாடாவது இறங்கியிருக்கும்.

சில நாளில் அவர் இறந்துபோனார். கால் கடைசி வரை நன்றாகத்தான் இருந்தது.

மறுவருடம் ஆகஸ்டில் அதே மேசையைச் சுற்றி உட்கார்ந்தோம். செயலாளர் தலை நிமிரவில்லை. சீனியை யார் திருப்பிக் கொடுத்தாலும் வாங்கக்கூடாது என்று தீர்மானம் போட்டோம். கொண்டைக்கடலை டின் வேண்டும் என்று எல்லாரிடமும் கேட்டோம். அரிசி வந்தது. இன்னும் கேட்டோம். இன்னும் அரிசி வந்தது. கிடங்கு நிறைந்து, மூட்டைகளை மாடிப்படியில் அடுக்கினோம். ஆற்றோரத்து வீடுகளுக்கு அரசாங்கம் மாற்று வீடு தரப்போவதாக வருடக்கணக்கில் என் காதில் விழுந்துவரும் பேச்சு அந்த வருடமும் பேச்சாகவே இருந்தது. அதிகாரிகளிடம் நான் கத்திப் பார்த்தேன். பிறகு கத்துவதை விட்டுவிட்டுப் பெட்டி கட்டப் போனேன். இதனால் எதுவும் மாறும் என்ற நம்பிக்கை எனக்கு இப்போது இல்லை. வேறு என்ன செய்வது என்று தெரியாததால் கட்டுகிறேன்.

அவள் வந்தாள். இளைத்திருந்தாள். அதே வீட்டில்தான் இருக்கிறாள், போக வேறு இடமில்லை. பெட்டியை அவள் முன்னால் நகர்த்தினேன். அவள் திறக்கவில்லை.

"இது ரொம்பப் பெருசா இருக்குக்கா. ஒரு ஆளுக்கு உள்ளது இருக்கா?"

எங்களிடம் அப்படி ஒன்று கிடையாது. எல்லாமே குடும்பத்துக்கென்று கட்டியவை. நானே பிரித்துப் பாதியாக்கித் தருகிறேன், எவ்வளவு வேண்டும் என்று சொல் என்றேன்.

அவள் அரிசிப் பையின் மேல் கையை வைத்தாள்.

"எனக்குத் தெரியலக்கா" என்றாள். "ஒரு ஆளுக்கு நான் ஒலை வெச்சதே இல்ல."